பன்னிரண்டிலிருந்து ஒன்றுவரை முன்னேற்றம்

குழந்தைகள் ஒப்படைப்புத் துறை தன் வரலாற்றில் ஒரு பத்தியைக்கூடத் தாண்டியது கிடையாது. எந்தச் சுற்றறிக்கை வந்தாலும் முதல் பத்தியில் தொடங்கி, வரிசை மாறாமல், வாய்விட்டுப் படித்து, சொன்னதைச் செய்து, ஓரத்தில் சூப்பிரண்டு பச்சை மையில் சுருக்கொப்பம் போட்ட பிறகுதான் அடுத்த பத்திக்குப் போவார்கள். பழைய பதிவறை தீப்பிடித்த அன்று, தீயணைப்புக் கருவியின் மேல் ஒட்டியிருந்த குறிப்பையும் அப்படித்தான் படித்தார்கள். அறை எரிந்து அடங்கும்போது கடைசிப் பத்திக்கும் ஒப்பம் விழுந்துவிட்டது. விசாரணைக் குழு துறையைப் பாராட்டி எழுதியது.

கண்ணாடிக்காரிக்கு இந்தப் பெருமையெல்லாம் தெரியாது. கடைத்தெரு முனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதற்கு அவளுடைய அண்ணன் பட்ட வருத்தத்தில் கால்வாசிகூட அவள் பட்டதில்லை. கண் பரிசோதனைக்காகத் துறையின் குழந்தைகள் இல்லத்துக்கு ஒருமுறை போனபோது, ஒரு பொடிசு அவளுடைய பெட்டியைத் திறந்து எல்லாக் கண்ணாடிகளையும் மாட்டிப் பார்த்துவிட்டு, "இதுல நீ குண்டா இருக்க, இதுல ஒல்லியா இருக்க, எது நிஜம்?" என்று கேட்டது. இல்லத்தில் அதற்கு வாயாடி என்று பெயர். அதன்பிறகு எந்த ஞாயிற்றுக்கிழமையும் அவள் வீட்டில் தங்கவில்லை. கடைசியில், இந்தப் பிள்ளையை எனக்கே கொடுங்கள் என்று மனுப் போட்டாள்.

மனு எல்லாப் படியும் ஏறி இறங்கியது. வீட்டைப் பார்க்க வந்தவர்கள் குழாயின் உயரத்தையும் ஜன்னல் கம்பிகளின் இடைவெளியையும் அவள் சிரிக்கும் விதத்தையும் குறித்துக்கொண்டு போனார்கள். நீதிமன்றம் சரி என்றது. ஆணை தயாராகி, துறையின் கணினிக்குள் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. வெளியே வரத்தான் மறுத்தது. துறை அப்போது ஓட்டிக்கொண்டிருந்தது மென்பொருளின் பதினோராம் பதிப்பு. அதில் ஒரு கோளாறு. தனியாக இருக்கும் பெண்ணுக்குக் குழந்தை கொடுக்கலாம் என்று அது ஒத்துக்கொள்ளும்; ஆனால் அச்சடிக்கும்போது தந்தை பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லாததைப் பார்த்துத் திகைத்துப்போய், பாதித் தாளோடு நின்றுவிடும். பாதி ஆணைக்குப் பாதிப் பிள்ளைகூடக் கிடைக்காது.

சனிக்கிழமை வாயாடிக்கு ஆறு வயது முடிகிறது. அதற்குள் ஆணை வராவிட்டால் பெரிய பிள்ளைகள் விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள். விடுதி வேறு ஊரில். அதற்கு வேறு துறை, வேறு மனு, மறுபடியும் முதலிலிருந்து குழாயின் உயரம்.

இந்த நிலையில்தான் பன்னிரண்டாம் பதிப்பு வந்து சேர்ந்தது. கோளாறு நீக்கப்பட்டது என்று அட்டையிலேயே போட்டிருந்தது. கண்ணாடிக்காரி திங்கட்கிழமை கடையைப் பூட்டிவிட்டுத் துறைக்கு ஓடினாள். அங்கே அவளைப் பிடித்து ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்கள். வெளிப்படைத்தன்மையை முன்னிட்டு, எந்த மேம்படுத்தலும் பொதுமக்கள் முன்னிலையில்தான் நடக்கவேண்டுமாம். நாற்காலியின் முதுகில் 'பொதுமக்கள்' என்று பெயின்ட்டில் எழுதியிருந்தது.

கணினி அறையில் இருந்தது யூனிக்ஸ் வகையறா மெஷின். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. படம் கிடையாது, மவுஸ் கிடையாது. கட்டளையைத் தட்டினால் செய்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கும். தப்பு நடந்தால்தான் பேசும். சூப்பிரண்டுக்கு இந்தக் குணம் சுத்தமாகப் பிடிக்காது.

"செஞ்சியா இல்லையான்னு கேக்குறேன், கம்முனு இருக்கு பாரு. திமிரு" என்றார்.

"செஞ்சிருச்சு சார். அதான் பேசல" என்றார் ஆபரேட்டர். வேலைக்குச் சேர்ந்து அதிக காலம் ஆகாதவர். வீட்டில் புது மனைவி, மடியில் சாப்பாட்டு டப்பா.

அடுத்த சிக்கல் இயக்குநரிடமிருந்து வந்தது. மெஷினில் எதையும் மாற்றும் முழு அதிகாரம் 'ரூட்' என்ற பயனருக்குத்தான் உண்டு என்று கேள்விப்பட்டு அவர் நேரிலேயே வந்துவிட்டார்.

"யாருய்யா அது ரூட்டு? எனக்கு மேல ஒருத்தன் என் ஆபீஸ்லயே இருக்கான், எனக்கே சொல்லல?"

அது ஆள் இல்லை என்று ஆபரேட்டர் விளக்கினார். ஆள் இல்லாத பதவிக்கு அத்தனை அதிகாரம் எதற்கு என்று இயக்குநர் கேட்டார். கடைசியில் ரூட்டை உதவியாளர் நிலைக்கு இறக்கி, அது செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் இயக்குநரின் ஒப்புதல் பெறவேண்டும் என்று குறிப்பு எழுதிய பிறகுதான் வேலை தொடங்கியது. அதற்குள் திங்கட்கிழமை போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை காலை வழிகாட்டிக் குறிப்பைப் பிரித்தார்கள். ஆபரேட்டர் உரக்கப் படித்தார்: "'கவனிக்க: இந்தக் குறிப்பில் புதிய பதிப்புகள் மேலேயும் பழையவை கீழேயும் உள்ளன. உங்களிடம் இப்போது இருக்கும் பதிப்பை முதலில் கண்டுபிடிக்கவும். அதற்கு மேலே உள்ள பத்திகளை மட்டும் செய்யவும். கீழே உள்ளவற்றைத் தொடவேண்டாம்.'"

"அதுக்குப் பத்தி எண் இருக்கா?" என்றார் சூப்பிரண்டு.

"இல்ல சார். தலைப்புக்குக் கீழ சும்மா போட்டிருக்கான்."

"எண் இல்லாததுக்கு எங்கய்யா நான் ஒப்பம் போடுறது? அதெல்லாம் முகவுரை. எழுதினவன் தன் ஆசையைச் சொல்லியிருக்கான். ஒண்ணாம் பத்தியிலேர்ந்து படி."

ஒன்றாம் பத்தி, பன்னிரண்டாம் பதிப்பைப் போடச் சொன்னது. போட்டார்கள். மெஷின் ஒன்றும் சொல்லவில்லை. ஆபரேட்டர் கண்ணாடிக்காரியின் மனு எண்ணைத் தட்டினார். திரையில் ஆணை வந்தது. வாயாடியின் முழுப்பெயர், கண்ணாடிக்காரியின் பெயர், நடுவே கோளாறு எதுவுமில்லை. கீழே 'அச்சிடவா?' என்று ஒரு கேள்வி மினுக்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, வந்துடுச்சு!" என்றார் ஆபரேட்டர். விரல் பொத்தானுக்கு மேலே நின்றது.

"கையை எடு" என்றார் சூப்பிரண்டு. "மேம்படுத்தல் நடந்துட்டிருக்கும்போது வேற வேலை பார்க்கக் கூடாது. ரெண்டாம் பத்தி?"

"சார், ஒரு பொத்தான்தான் சார்" என்று எழுந்துவிட்டாள் கண்ணாடிக்காரி. "நான் எங்க கையெழுத்துப் போடணுமோ போடுறேன். சனிக்கிழமை பிள்ளையக் கொண்டுபோயிடுவாங்க."

"உங்க அவசரம் எனக்குப் புரியுதும்மா. எனக்கும் பிள்ளைங்க இருக்கு. ஆனா பாருங்க, நீங்க இப்ப பொதுமக்கள். நாற்காலியை விட்டு எழுந்தா நடவடிக்கை செல்லாது."

இரண்டாம் பத்தி, பதினோராம் பதிப்பைப் போடச் சொன்னது. 'ஏற்கெனவே வேறு பதிப்பு உள்ளது, அதை நீக்கிவிட்டுப் போடவா என்று கேட்டால் ஆம் என்று தட்டவும்' என்றும் சொன்னது. துறை எதையும் தூக்கிப்போட்டது கிடையாது என்பதால் எல்லாப் பழைய பதிப்புகளும் அலமாரியில் வரிசையாக இருந்தன. மெஷின் கேட்டது. ஆம் என்று தட்டினார்கள். அது நீக்கிவிட்டு, வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் பத்தியில் பத்தாம் பதிப்பு வந்தபோது ஆபரேட்டர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார்.

"சார், நம்பர் இறங்குதே சார்."

"இறங்குறது அதோட நம்பர். நாம ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு ஏறிட்டுத்தானே இருக்கோம்?" என்று பச்சை மையைத் திறந்தார்.

உண்மையைச் சொன்னால் அவருக்கும் அப்போதே புரிந்துவிட்டது. மூன்றாம் பத்திக்கு ஒப்பம் போடும்போது அவர் கை கொஞ்சம் தயங்கியதைக் கண்ணாடிக்காரி பார்த்தாள். ஆனால் போட்ட ஒப்பத்தை அடிக்க வேண்டுமென்றால் இயக்குநருக்கு எழுதவேண்டும். இயக்குநர் ஏன் என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் எழுதுவதைவிட இன்னும் ஒன்பது பதிப்புகளை அழிப்பது சுலபம்.

ஒன்பதாம் பதிப்பில் தனிப்பெண் என்கிற பிரிவே இல்லை. திரையில் அவளுடைய மனு 'கணவர் பெயர்?' என்று கேட்டு நின்றது.

"எனக்குக் கணவர் கிடையாதுங்க. கோர்ட்டுலயே ஒத்துக்கிட்டாங்க."

சூப்பிரண்டு பரிவோடு பார்த்தார். "கோர்ட்டு ஒத்துக்கிட்டது பதினொண்ணுலம்மா. இது ஒன்பது. வியாழக்கிழமைக்குள்ள யாரையாவது பார்க்க முடியுமா? பெருசா ஒண்ணும் வேண்டாம். பேரும் வயசும் இருந்தா போதும்."

அன்று சாயங்காலம் இதை அண்ணனிடம் சொல்லி ஆத்திரப்பட்டாள். அண்ணனுக்குத் துறையின் மேல் முதன்முறையாக மரியாதை வந்தது. "நான் இத்தனை வருஷமா சொன்னதைத்தானே அந்த மெஷினும் சொல்லுது" என்றான். அவள் அவனோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். அண்ணிதான் வாசல்வரை வந்து, "நீ விடாத. நாற்காலியை விட்டு மட்டும் எழுந்திரிக்காத" என்று சொல்லி அனுப்பினாள்.

புதன்கிழமை ஏழும் ஆறும் ஏறின. துறையின் கதவுகளுக்கும் அதே மெஷின்தான் பூட்டுக்காரன். அட்டையைத் தேய்த்தால் ஆளைப் பார்த்துத் திறக்கும். மத்தியானம் சாப்பிட்டு வந்த இயக்குநர் முன்வாசலில் அட்டையைத் தேய்த்தார். திறக்கவில்லை. கத்தினார். காவலாளி தன் பெட்டித் திரையைப் பார்த்துவிட்டுக் கையைப் பிசைந்தார்.

"மன்னிக்கணும் சார். இதுல நீங்க இளநிலை எழுத்தர்னு காட்டுது. எழுத்தருக்கெல்லாம் பின்வாசல்."

"நான் டைரக்டர்யா!"

"டைரக்டர்னு வேற ஒருத்தர் பேரு வருது சார்." அந்த வேறொருத்தர் ஓய்வுபெற்று, இறந்து, துறை வாசலில் படமாக மாலையோடு தொங்கிக்கொண்டிருந்தார்.

பதிப்போடு அதன் காலத்துப் பணியாளர் பட்டியலும் திரும்பி வந்திருந்தது. ஆறாம் பதிப்பு போடப்பட்ட காலத்தில் இயக்குநர் எழுத்தர்தான். அவருடைய பிரிவுக்குத் தலைவர் இதே சூப்பிரண்டு. பின்வாசல் வழியாக வியர்த்து நுழைந்தவரைப் பார்த்ததும், பழைய பழக்கத்தில், "சாப்பிடப் போனா இவ்வளவு நேரமா?" என்று கேட்டுவிட்டு சூப்பிரண்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆச்சரியம் என்னவென்றால், இயக்குநரும் பழைய பழக்கத்தில் "சாரி சார்" என்று சொல்லிவிட்டு மூலையில் உட்கார்ந்து தபால்களை அடுக்க ஆரம்பித்தார். அன்று அந்தக் கட்டடத்தில் உருப்படியாக நடந்த வேலை அது ஒன்றுதான்.

கண்ணாடிக்காரி அவரிடம் போய், நாற்காலியையும் கூடவே தூக்கிக்கொண்டு போய், முறையிட்டாள். "சார், உங்களுக்கே இந்தக் கதின்னா என் பிள்ளையோட கதி என்ன? நிறுத்தச் சொல்லுங்க சார்."

"நிறுத்தணும்னா டைரக்டர் ஆர்டர் போடணும்மா" என்றார் அவர், மாலை போட்ட படத்தைக் கையால் காட்டி. "நான் இன்னும் தகுதிகாண் காலத்துலதான் இருக்கேன்."

அவள் அன்று வீட்டுக்குப் போய்த் தலையணையைப் பல்லால் கடித்துக்கொண்டு அழுதாள். துக்கம் பாதிதான். மீதி, யாரையாவது பிடித்து உலுக்கவேண்டும் என்ற வெறி. உலுக்க ஒரு ஆள் கிடைக்கவில்லை என்ற ஆற்றாமை. யாரும் கெட்டவர்களாக இல்லை. எல்லாரும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்கள்.

வியாழக்கிழமை நான்காம் பதிப்பில் ஆபரேட்டர் இல்லாமல் போனார். அந்தப் பணியிடமே அப்போது உருவாகவில்லையாம். இல்லாதவர் மெஷினைத் தொடக் கூடாது என்பதால் அவர் சாப்பாட்டு டப்பாவோடு ஓரமாக நின்றார். சூப்பிரண்டு ஒற்றை விரலால் தட்டினார். மூன்றாம் பதிப்பில் குழந்தைகளின் வயது போயிற்று. இரண்டில் குழந்தைகளே போனார்கள். வெள்ளிக்கிழமை காலை முதல் பதிப்பு ஏறியது. அப்போதுதான் எல்லாருக்கும் ஒரு சங்கதி தெரிந்தது: துறை தொடங்கிய புதிதில் இந்த மென்பொருளை ஒரு சரக்குக் கிடங்கிலிருந்து வாங்கியிருக்கிறார்கள். பிறகுதான் பதிப்புக்குப் பதிப்பு அதைக் குழந்தைகளுக்கு ஏற்றபடி ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். முதல் பதிப்பில் ஒட்டு எதுவும் இல்லை. மூட்டைகள்தான்.

மத்தியானம் மேம்படுத்தல் நிறைவு விழா. மைக் வைத்தார்கள். சட்டப்படி எழுத்தராக இருந்தாலும், உரை ஏற்கெனவே அச்சாகிவிட்டபடியால் இயக்குநரே பேசினார்.

"சிலர் என்னிடம் கேட்கிறார்கள், பன்னிரண்டு பெரிதா, ஒன்று பெரிதா என்று. நான் திருப்பிக் கேட்கிறேன். தேர்வில் உங்கள் பிள்ளை முதலிடம் வந்தால் இனிப்புக் கொடுப்பீர்களா, பன்னிரண்டாம் இடம் வந்தால் கொடுப்பீர்களா? நம் துறை இன்று முதலிடத்துக்கு வந்திருக்கிறது!" கைதட்டல். "இன்னொன்று. திங்கட்கிழமை நம்மிடம் ஏராளமான ஆணைகள் நிலுவையில் இருந்தன. இன்று ஒன்றுகூட இல்லை. ஏனென்றால் இந்தப் பதிப்பில் ஆணை என்கிற ஏற்பாடே கிடையாது. நிலுவையை ஒழிப்போம் என்றோம். வேரோடு ஒழித்துவிட்டோம். இதில் குழந்தைகளின் நலனே எங்கள் குறிக்கோள். எத்தனை குழந்தைகள் என்பதைத் தற்போதைக்குச் சொல்ல இயலாது."

இதற்கும் கைதட்டினார்கள். கண்ணாடிக்காரி தட்டவில்லை. பொதுமக்களில் அவள் ஒருத்தி மட்டும்தான் இருந்தாள் என்பதால் அது கவனிக்கப்பட்டது.

கூட்டம் கலையும்போது சூப்பிரண்டு குறிப்பை உறைக்குள் போடப் போனார். அவள் எழுந்து போய் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"சார், கடைசிப் பத்தியில ஒரு வரி பாக்கி இருக்கு."

"எங்க?"

வாரம் முழுக்க வாய்விட்டுப் படித்ததைக் கேட்டுக்கேட்டு அவளுக்கும் அந்தப் புத்தி வந்திருந்தது. "'நிறுவல் சரியாக உள்ளதா என அறிய, ஒரு பொருளை வழங்கிப் பார்க்கவும்.' நீங்க ஒப்பம் போட்டுட்டீங்க. வழங்கவே இல்லையே. வரியைத் தாண்டிட்டீங்களே சார்."

சூப்பிரண்டு குறிப்பை மறுபடி பிரித்து அந்த வரியில் விரலை வைத்தார். கவனிக்காமல் தாண்டிய வரி! துறையின் சரித்திரத்தில் இல்லாத களங்கம். சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு அவளைக் கணினி அறைக்குள் தள்ளிக்கொண்டு போய், மெஷின் முன்னால் உட்கார்ந்தார்.

"சீக்கிரம் சொல்லுங்கம்மா. பொருளோட பேரு?"

பொருள் என்ற சொல் அவள் நெஞ்சில் தைத்தது. அந்த மேஜையைக் கவிழ்த்துவிட்டுப் போகலாம்போல இருந்தது. ஆனால் வாயாடியின் பெயரைச் சொன்னாள், எழுத்து எழுத்தாக.

"எண்ணிக்கை?"

"ஒண்ணு."

"எடை?"

"தூக்கிக்கிட்டு ஒரு தெரு நடக்கலாம். அதுக்கு மேல கை வலிக்கும்."

"சேதாரம் ஏதாவது?"

"முன்பல் ரெண்டு இல்ல."

"உடையக்கூடியதா? ஆம், இல்லைன்னு ரெண்டே பதில்தான்."

ஓரத்தில், இல்லாதவராக நின்றுகொண்டிருந்த ஆபரேட்டர், "ஆமான்னு போடுங்க சார்" என்றார்.

"பெறுபவர்?"

தன் பெயரைச் சொன்னாள். கணவர் யார் என்று மெஷின் கேட்கவில்லை. வருமானம் கேட்கவில்லை, குழாயின் உயரம் கேட்கவில்லை. சரக்கை யார் எடுத்துப் போகிறார்கள் என்பதுதான் கிடங்குக்கு வேண்டும். சீட்டு முழுசாக அச்சாகி வெளியே வந்து விழுந்தது. சூப்பிரண்டு முத்திரை குத்தி, பச்சை மையில் ஒப்பம் போட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

இல்லத்தின் வார்டனும் அதே துறைதான். கண்ணாடிக்காரி கொடுத்த சீட்டை நின்ற இடத்திலேயே மேலிருந்து வாய்விட்டுப் படித்தாள். பொருள், எண்ணிக்கை, எடை என்று வரும்போது அவள் குரல் கொஞ்சம் தடுமாறியது. ஆனாலும் ஒரு வரியையும் விடவில்லை. வாயாடி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தது.

"'வழங்கிய பொருள் எக்காரணம் கொண்டும் திரும்பப் பெறப்பட மாட்டாது'" என்று கடைசி வரியை முடித்தாள் வார்டன்.

"அப்படின்னா?" என்றது வாயாடி.

"இனிமே உன்னை யாரும் திரும்ப வாங்கிக்க மாட்டாங்கன்னு அர்த்தம்" என்றாள் கண்ணாடிக்காரி.

"நான் ரொம்பப் பேசினாலும்?"

"ரொம்பப் பேசினாலும்."

"நீயே கூட்டிட்டு வந்து விட்டாலும்?"

"நானே வந்து விட்டாலும் வாங்க மாட்டாங்க."

வாயாடிக்கு இவள் பேச்சு மட்டும் போதவில்லை. வார்டனை நிமிர்ந்து பார்த்து, "நிஜமாவா?" என்று கேட்டது. வார்டன் சீட்டை மறுபடியும் ஒருதரம் பார்த்தாள்.

"முத்திரை இருக்கு. வாங்க மாட்டோம்."

வாயாடி அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கி, நாலாக மடித்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டது. கண்ணாடிக்காரி அதைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, கை வலிக்க ஆரம்பிக்கும்வரை அது ஒரு வார்த்தை பேசவில்லை; நெஞ்சில் சீட்டு இருந்த இடத்தை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தது.